கஸ்பாரின் மூன்று ரெகுலேட்டர்கள்

"டீச்சர், இந்த மூணுல எது நல்ல கம்பெனி?"

கஸ்பார் பையைத் திறந்து, மூன்று ரெகுலேட்டர்களை மேசையில் வரிசையாக வைத்துவிட்டுத்தான் இதைக் கேட்டார்.

சிலிண்டரில் அடைத்த காற்றை மூச்சுக்குத் தகுந்தபடி குறைத்துத் தருகிற கருவி அது. தலைப்பகுதி சிலிண்டரில் மாட்டும். வாய்ப்பகுதி பல்லுக்கிடையில் இருக்கும். நடுவில் ஒரு ரப்பர் குழாய். கடலடியில் மனிதன் உயிரோடு இருப்பது இதை நம்பித்தான்.

டெல்பின் அதைப் பழுது பார்ப்பவள். தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் பின்னால் ஒரே அறையில் அவளுடைய ஒர்க் ஷாப். வயது முப்பத்தெட்டு.

கஸ்பாருக்கு ஐம்பத்தேழு. சங்கு குளித்தே தலை நரைத்தவர். இப்போது சின்னதாக ஒரு டைவிங் பள்ளி நடத்துகிறார். சர்வீஸ் வேலை கற்றுக்கொள்ள ஆறு மாதமாகத் திங்கட்கிழமைதோறும் அவளிடம் வருகிறார். இந்த வயதில் பொம்பளைப் பிள்ளையிடம் பாடமா என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"எதுக்குக் கேக்கீங்க அண்ணாச்சி?"

"எமரன்சிக்கு அந்தமான்ல வேல கெடைச்சிருக்கு. பவளப்பாறை ஆராய்ச்சி. வியாழக்கிழம கெளம்புதா. தெனமும் முங்கணும். எம்மவ வாயில வைக்கப்போற சாமான் டீச்சர். ஒண்ணே ஒண்ணு, புதுசா, நம்பிக்கையா வாங்கிக் குடுக்கணும்."

"நீங்க என்ன நெனைக்கீங்க?"

இந்தக் கேள்விக்காகவே அவர் ஒரு வாரமாகத் தூங்காமல் இருந்திருப்பார் போல.

"இத்தாலிக்காரன் மூச்சு இழுக்கச் சொகம். நூறடி போனாலும் நெஞ்சு கனக்காது. ஆனா வருசத்துக்கு ஒருதரம் பிரிக்கணும், பார்ட்ஸ் சென்னையிலருந்து வரணும். அமெரிக்காக்காரன் கொஞ்சம் முரடு. ரெண்டு வருசம் தொட வேண்டாம்னு சொல்லுதான். ஜெர்மன்காரன் லேசு, பொட்டியில வச்சுக் கொண்டுபோகலாம். அவனுக்கு இங்க சர்வீஸ் பண்ணத்தான் நாதி கெடையாது."

"பெறகென்ன?"

"பள்ளிக்குன்னு வாங்குன இந்த மூணும் ஒரு வருசத்துக்குள்ள காலை வாரிருச்சே. ஒண்ணு காத்த நிறுத்தாமக் கொட்டுது. ஒண்ணுல இழுத்தா மூச்சு வர மாட்டேங்குது. இன்னொண்ணு ஓரமா ஒழுகுது. அந்தக் காலத்துச் சாமான் இப்படியா இருந்துச்சு?"

டெல்பின் ஸ்பேனரை எடுத்தாள். அவர் சொல்லிக்கொண்டே போனார்.

"மிக்கேலுக்கும் எனக்கும் சேத்து ஒண்ணே ஒண்ணுதான். கப்பல் டைவர் ஒருத்தன் கழிச்சுப் போட்டது. கம்பெனி பேரே அழிஞ்சுபோச்சு. பதினோரு வருசம் ஒழைச்சுது."

சூசை மிக்கேல் அவருடைய கூட்டாளி. இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவன் பேரைச் சொன்னால் கஸ்பாரின் குரல் தழைந்துவிடும். அதை மறைக்க அவருக்குத் தெரியாது.

"அவன் ஏறுனதும் நான் எறங்குவேன். அவன் வாய்ச்சூடு ஆறுமுன்னே என் வாய்க்கு வந்துரும். ஒருநாளும் அருவருப்பா இருந்ததில்ல டீச்சர்."

 

டெல்பின் மூன்று தலைப்பகுதிகளையும் பிரித்து வெள்ளைத் துணியில் வைத்தாள்.

மூன்றிலும் உள்ளே பச்சைக் களிம்பு.

கஸ்பார் குனிந்து பார்த்தார்.

"மூணு பேரும் ஒரே எடத்துல மட்டமான பித்தளைய வாங்கியிருக்கானுவ."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். ஆணியில் மாட்டியிருந்த தன் சொந்த ரெகுலேட்டரை எடுத்து அவரிடம் நீட்டினாள். மூலையில் ஒரு தொட்டி நிறைய நல்ல தண்ணீர் இருந்தது.

"இதக் கழுவிக் குடுங்க அண்ணாச்சி. உங்க பள்ளியில கழுவுத மாதிரியே."

"கழுவக்கூடவா எனக்குத் தெரியாது?"

"தெரியும். கழுவுங்க."

அவர் தலைப்பகுதியின் மூடியை இறுக்கினார். தொட்டியில் முக்கி அலசினார். பிறகு வாய்ப்பகுதியின் நடுவில் இருக்கும் பட்டனைத் தண்ணீருக்குள்ளேயே கட்டைவிரலால் மூன்று தரம் அமுக்கினார்.

அமுக்கினால் காற்று பீய்ச்சி, சிக்கிய மணலை வெளியே தள்ளும். மிக்கேல் சொல்லிக்கொடுத்தது. "அமுக்கு மாப்ள, நல்லா அமுக்கு" என்பான். தண்ணீர் புஸ்ஸென்று கொப்பளித்து இரண்டு பேர் முகத்திலும் தெறிக்கும். இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரிப்பார்கள். இப்போதும் பட்டனில் விரல் பட்டால் கஸ்பாருக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்துவிடும். இன்றும் வந்தது.

டெல்பின் அதை வாங்கினாள். குழாயைத் தலைப்பகுதியிலிருந்து கழற்றி, துணியின் மேல் சாய்த்தாள்.

உள்ளேயிருந்து தண்ணீர் வந்தது. ஒரு கரண்டி இருக்கும்.

கஸ்பார் துணி நனைவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிக்கேல் அண்ணன் எங்க வச்சுக் கழுவுவாங்க?"

"வள்ளத்துலதான். ஏறுன ஒடனே. ஒரு கொடம் நல்ல தண்ணி இதுக்குன்னே கொண்டுபோவோம்."

"கழட்டி வச்சா?"

"கழட்ட ஏது நேரம்? சிலிண்டர்ல மாட்டுன மேனிக்கே, காத்தத் தொறந்து வச்சுத்தான்..."

அவர் நிறுத்தினார்.

தொட்டியைப் பார்த்தார். அதில் சிலிண்டர் இல்லை; வெளியே தள்ளக் காற்று இல்லாமல் பட்டனை அமுக்கினால் தண்ணீர்தான் உள்ளே போகும். அவருடைய பள்ளித் தொட்டியிலும் இருந்ததில்லை. பத்துப் பேரின் சாமான் முங்கி எழுந்த அந்த உப்புத் தண்ணீரைத் தன் கட்டைவிரலாலேயே தினமும் உள்ளே விட்டிருக்கிறார்.

"அமுக்காதேன்னு புஸ்தகத்துல போட்டிருக்கு டீச்சர். நானும் வாசிச்சேன். மிக்கேலவிடப் புஸ்தகம் பெருசான்னு விட்டுட்டேன்."

"மிக்கேல் அண்ணன் செஞ்சதுல தப்பே இல்ல."

அவள் அப்படிச் சொன்னதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்து, அவனை இன்னொரு தரம் அடக்கம் செய்துவிட்டு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

டெல்பின் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

"எமரன்சிக்கு எந்தக் கம்பெனி வாங்கலாம்னு கேட்டீங்க."

கஸ்பாரின் முகம் மாறியது. சட்டைப் பையில் கைவிட்டு போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"யம்மா, முங்கிட்டு வந்து ரெகுலேட்டர எப்படிக் கழுவுவ?"

"எதுக்குப்பா?"

"சொல்லு."

"நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதாம்ப்பா. நல்லா அமுக்கித்தான் கழுவுவேன்."