ஊதாமல் விழுந்த சீடர்கள்

கரிசல்பேரி ஜமீன் வாசலில் கம்போடு காவல் நின்ற வெள்ளைக்கண்ணுவுக்கு வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு பானைச் சோறே வடித்திருக்கலாம். பின்னே? திருடனோடு மல்லுக்கட்டி முன்பல்லைப் பறிகொடுத்தவன் இவன். ஆனால் பட்டுச் சால்வையும் ஜமீன்தாருக்குப் பக்கத்து ஆசனமும் நேற்று வந்த வாசிநாத ஆசானுக்கு! ஆசான் உள்மூச்சைத் திரட்டி ஒரு ஊது ஊதினால், தொடாமலே சீடர்கள் பொத்துப்பொத்தென்று விழுந்தார்கள். ஜமீன்தார் சொக்கிப்போனார்.

“இனி வாசலுக்கு என் சீடர்களே போதும்” என்றார் ஆசான். “என்னலே முறைக்கிறே? இவர்களில் ஒருத்தனைத் தொடாமல் சாய்த்துக் காட்டு. முடியாவிட்டால் கம்பை வைத்துவிட்டு நடையைக் கட்டு.”

“உத்தரவு சாமி” என்றான் வெள்ளைக்கண்ணு.

சீடர்கள் அவனைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆசான் சாவகாசமாகச் செம்பைத் தூக்கி மோர் குடித்தார். அந்த நேரம் பார்த்து வெள்ளைக்கண்ணு அலறினான்:

“ஐயையோ, பின்னால ஆசான் ஊதிட்டாரு!”

அத்தனை சீடர்களும் வேரறுந்த வாழையாய்ச் சாய்ந்தார்கள்.

ஜமீன்தார் திரும்பிப் பார்த்தார். ஆசான் வாயில் செம்பு.

“என்ன ஆசானே, மோருக்குள்ளேயா ஊதினீர்?”

ஆசானுக்குப் புரையேறியது.

“எசமான், இவுகளை விழப் பழக்கியிருக்காரு” என்றான் வெள்ளைக்கண்ணு. “ சுவரேறி வர்ற திருடனுக்கு அந்தப் பழக்கம் இருக்காதே!”

“வாசல் உனக்குத்தான்டா” என்றார் ஜமீன்தார்.

சீடர்கள் இன்னும் கண்ணை மூடிக் கிடந்தார்கள். ஆசான் சொன்னால்தான் எழவேண்டும் என்பது பாடம். ஆசானுக்கோ இருமல் நிற்கவில்லை. வெள்ளைக்கண்ணு கம்பைத் தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

எழுந்தவர்கள் ஊர் எல்லையைத் தாண்டித்தான் மூச்சு விட்டார்கள்.