யாரும் வராமல் திறந்த கேட்

இருட்டியதும் அந்தச் சத்தம் கேட்டது. இரும்பு இரும்பை இழுத்துக்கொண்டு போகிற சத்தம்.

ரோஸ்லின் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு அறை வாசலுக்கு வந்தாள். மூடிக்கொண்டிருந்த கேட் பாதி வழியில் நின்று, தானாகத் திறந்துகொண்டிருந்தது. வண்டி இல்லை. ஆள் இல்லை. பைபாஸ் ரோடு மட்டும் இரைந்தது.

சில நாளாகவே இப்படித்தான். குடோன் கேட்டைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கேட்டை ஒட்டிய ஒற்றை அறைதான் வீடு. புருஷன் லாரியோடு வடக்கே போயிருந்தான். பகலெல்லாம் கேட் திறந்தே கிடக்கும். பொழுது சாய்ந்ததும் ஆட்டோமேட்டிக்கில் போட்டுவிடுவாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் யார் நுழைகிறார்கள் என்று தெரியாதே என்று சாத்தாமலே விழித்திருந்தாள். நேற்று கண் அசந்த நேரத்தில் குழந்தை தவழ்ந்து கேட்டின் தண்டவாளம்வரை போய்விட்டது. அதற்கு அப்பால் லாரிகள்.

அவளுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவள் மெஹருன்னிசா. கேட் மோட்டார் பொருத்துகிறவள். போன் போட்டதும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

“பேயா, திருடனா?” என்றாள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே.

“சிரிக்காதீங்கக்கா. ஜெபமாலை சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டுபோச்சு.”

“கேட்டுக்கும் சேர்த்துச் சொன்னியா?”

ரோஸ்லின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வர்றது யாரு?”

மெஹருன்னிசா கேட்டை நோக்கி நடந்தாள். வெளிச்சுவரில் இருந்த டிடெக்டர் பெட்டியைத் திறந்தாள். கேட் வாசலில் தரைக்குள் புதைத்த கம்பிச் சுருளோடு இணைந்த பெட்டி அது. பச்சை எரிந்தால் கம்பி நன்றாக இருக்கிறது. கூடவே சிவப்பும் எரிந்தால் கம்பிக்கு மேல் வண்டி நிற்கிறது, கேட் திறந்துவிடும்.

பெட்டிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டாள். “ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்காரு.”

“முதுகையா? பின்னாடி யாராச்சும் வந்தா?”

“நான் நிக்கிறேன்ல. நீ விளக்கை மட்டும் பாரு.”

குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு ரோஸ்லின் உட்கார்ந்தாள். கேட் மூடத் தொடங்கியது. பச்சை. பச்சை மட்டும். பிடரி கூசியது. திடீரென்று சிவப்பு. அவள் பதறித் திரும்பினாள். கம்பியின் மேல் எதுவும் இல்லை. கேட் பின்வாங்கி ஓடியது.

“யார் வந்தா?”

“யாருமே இல்லக்கா.”

“மறுபடி பாரு. பதறாம பாரு.”

இந்தத் தடவை சிவப்பு எரிந்ததும் மெல்லத் தலையைத் திருப்பினாள். கேட்டின் முனை அப்போதுதான் கம்பியை நெருங்கியிருந்தது.

“அக்கா... வர்றது கேட்தான். தன் இரும்பையே வண்டின்னு நினைச்சுத் திறந்துக்குது.”

“சென்சிடிவிட்டித் திருகைக் கடைசிவரைக்கும் ஏத்தி வச்சது யாரு?”

“நான்தான். போன வாரம் கேட் ஒரு பைக்கோட பின்சக்கரத்தை இடிச்சிடுச்சு. இனி எதுவும் தப்பிடக் கூடாதுன்னு...”

“தப்பலையே,” என்றாள் மெஹருன்னிசா. “ஒண்ணுகூடத் தப்பலை.”

திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். ரீசெட்டை அழுத்தினாள். கேட் கம்பியைக் கடந்து போய் முழுசாக மூடிக்கொண்டது. பச்சை மட்டுமே எரிந்தது. ஸ்கூட்டரை உருட்டி ஒரு நிமிஷம் கம்பியின் மேல் நிறுத்தினாள். சிவப்பு.

ரோஸ்லின் எழுந்திருக்கவில்லை. “பாப்பா கம்பி மேல போனா எரியுமா?”

“எரியாது. அவகிட்ட ஏது இரும்பு?”

“அப்ப அவளை யாருக்கா பார்ப்பா?”

“உள்ள போய்த் தாழ்ப்பாளைப் போடு.”

“போட்டா, யார் வந்தாலும் எனக்குத் தெரியாமப் போயிடுமே!”

“வண்டி வந்தா கேட் திறக்கிற சத்தம் கேட்கும். ஆள் வந்தா கதவைத் தட்டுவாங்க. ரெண்டும் இல்லைன்னா, யாரும் வரலை ரோஸ்லின்.”

ரோஸ்லின் உள்ளே போனாள். தூங்கிவிட்டிருந்த குழந்தையைப் பாயில் கிடத்தினாள். கதவைச் சாத்திக்கொண்டு காது கொடுத்துக் கேட்டாள். ஸ்கூட்டர் கிளம்பியது. கேட் திறந்தது. மூடியது. மூடியபடியே இருந்தது.

அவள் தாழ்ப்பாளைப் போட்டாள்.