சபேசன் சாரின் பள்ளம்

சூரிய மின் நிலையம் கட்ட வந்த மேலாளர் சபேசன், காய்ந்து கிடந்த பள்ளத்தைப் பார்வையிட வந்த சுற்றுச்சூழல் அதிகாரி அம்மாளுக்குக் காட்டினார்.

"ஓடையே இல்லை மேடம். தண்ணீர் கெடும்னு எதுக்கு அனுமதி வாங்கணும்?"

அனுமதி வேண்டாமென்று அதிகாரி எழுதிவிட்டால், கட்டுமானக் கழிவெல்லாம் மழையோடு ஊர்க்குளத்துக்குப் போகும். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆவுடைத்தாய்க்கு அந்தக் குளத்தை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது.

"சார் சொல்லுதது சரிதாம்மா," என்றாள் அவள். "ஓடை இல்லைன்னா, சார் ஆபீஸை இந்தப் பள்ளத்துலயே போட்டுக்கிடட்டும். மேட்டுல எங்க ஆடு மேயட்டும்."

சபேசன் சிரித்தார். "நல்ல யோசனை போ. ஐப்பசி மழையில எங்களைக் குளத்துலதான் தேடணும்."

"அப்போ அனுமதி வாங்கிட்டே வேலையைத் தொடங்குங்க சார்," என்றார் அதிகாரி, மெல்ல.