ஊசி போடாத எலி

நாச்சம்மை மேடத்துக்கு வயது நாற்பது. அவரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்த டாக்டர் அருளப்பனுக்கு ஐம்பத்திரண்டு. இருபது வருஷமாகப் புற்றுநோய்க் கட்டிகளை அறுத்து எடுக்கிறவர். அப்படிப்பட்டவர் அன்றைக்கு மத்தியானம் சின்னப் பிள்ளை மாதிரி மேடத்தைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார்.

"பாருங்க மேடம், கட்டி இருக்கிற இடம் எப்படி ஒளிருது!"

திரையில் ஓர் எலி. அதன் வயிற்றில் சிவப்பாக ஒளி. கட்டியைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு ஒளிர்கிற நானோ மருந்தை அவர் மூன்று வருஷம் பாடுபட்டுச் செய்திருந்தார். மூன்று மணிக்கு நெறிமுறைக் குழு கூடுகிறது. அவர்கள் சரியென்றால் மனிதருக்குப் போட்டு, ஒளிர்கிற இடத்தைப் பார்த்து வெட்டி எடுக்கலாம். முதல் ஆள் சவுந்தரம்மாள். போன ஆபரேஷனில் இவர் கண்ணுக்குத் தப்பிய துணுக்கு அந்தம்மா வயிற்றில் மறுபடி வளர்ந்துவிட்டது. அதை நினைத்தாலே இவருக்குப் பயம்.

"இது நிஜம்தானே மேடம்? சொல்லுங்க."

மேடம் எழுந்து போய், கட்டியும் இல்லாத, மருந்தும் போடாத ஓர் எலிக்கு மயக்கம் கொடுத்துப் படமெடுக்கும் கருவிக்குள் வைத்தார்.

அதன் வயிறும் சிவப்பாக ஒளிர்ந்தது.

"ஐயோ! இதுக்கு ஊசியே போடலையே!"

"தீனி போட்டீங்கல்ல?"

மேடம் கூண்டிலிருந்து ஒரு தீனி உருண்டையை எடுத்து உடைத்துக் காட்டினார். உள்ளே பச்சை. குதிரைமசால் என்கிற தீவனச் செடியின் இலை. கருவியின் விளக்கொளி பட்டால் குடலில் கிடக்கும் இலையும் ஒளிரும். பத்து நாள் முன்பே இலை சேராத தீனிக்கு மாற்றியிருக்கவேண்டும். அவசரத்தில் டாக்டர் விட்டுவிட்டார். அத்தனை படித்தவருக்கு எலிச் சாப்பாடு மறந்துபோயிற்று, என்ன செய்ய!

"அப்ப என் மருந்து வேலையே செய்யலையா?"

"செய்யுதா இல்லையான்னு இந்தப் படத்துல தெரியாது. தீனியை மாத்தி மறுபடி எடுக்கணும்."

"அடுத்த கூட்டம் மூணு மாசம் கழிச்சுத்தான் மேடம். அந்தம்மா அதுவரைக்கும் தாங்கமாட்டாங்க." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "முதல் படத்தை மட்டும் காட்டினா... எலி என்ன தின்னுச்சுன்னு குழுவில யாரும் கேக்கமாட்டாங்க" என்றார்.

"கேக்கமாட்டாங்க. ஒளிர்றதெல்லாம் கட்டின்னு நம்பி அந்தம்மா குடலை வெட்டப்போறது அவங்க இல்லையே, டாக்டர்."