கணவாயில் நிற்கும் வண்டி

நாகர்கோவிலில் பகவதி என்றொரு பெண் கார்களுக்கு ஒயரிங் வேலை பார்த்துவந்தாள். ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்த தாணுமாலயன், கார் வேலை கற்க அவளிடம் சேர்ந்தார். அவளைவிட மூத்தவர். ஆனாலும் 'ஆசானே' என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை 'அண்ணாச்சி' என்பாள்.

அமலதாஸ் என்பவர் ஒரு பழைய காரைக் கொண்டுவந்தார்.

"ஓடிக்கிட்டிருக்கும்போதே ஆஃப் ஆயிருது. கொஞ்ச நேரம் விட்டா தானா ஸ்டார்ட் ஆகுது."

"எங்க வச்சு?"

"ஆரல்வாய்மொழி கணவாய்ல. பணகுடிக்குப் போகலாம்னு கிளம்புவேன். அங்கன நிக்கும். திரும்பிருவேன்."

"பணகுடில யாரு?"

"வீட்டுக்காரி. மகளும்."

தாணுமாலயன் மீட்டரை வைத்து பேட்டரி, ஃப்யூஸ், ரிலே எல்லாம் பார்த்தார். இன்ஜினை வெகுநேரம் ஓடவிட்டார். நிற்கவேயில்லை.

"ஒரு கோளாறும் இல்ல ஆசானே. இவரு சும்மா சொல்லுதாரு."

"இங்க இல்ல, அவ்வளவுதான்," என்றாள் பகவதி. "அது வர்ற இடத்துக்குப் போவோம்."

அமலதாஸ் ஓட்ட, பகவதி பக்கத்தில் உட்கார்ந்தாள். தாணுமாலயன் பின்சீட்டில். கணவாய்க் காற்று காரை அலைக்கழித்தது. சாலை குலுங்கிய ஓரிடத்தில் இன்ஜின் அணைந்தது.

பகவதி உடனே பானெட்டைத் திறந்தாள். சூடு ஆறுவதற்குள் ஒவ்வொரு ஒயராக லேசாக இழுத்துப் பார்த்தாள். சென்சாருக்குப் போகும் ஒயர் ஒன்று ரப்பர்போல நீண்டது. மேல் தோல் முழுசாக இருந்தது. உள்ளே செம்பு அறுந்திருந்தது.

தாணுமாலயன் புது ஒயர் போட்டதும் வண்டி கிளம்பியது.

"இப்பவே பணகுடிக்குப் போயிரலாமே?" என்றார் தாணுமாலயன்.

"இன்னொரு நாள்," என்று அமலதாஸ் வண்டியைத் திருப்பினார்.

சில நாள் கழித்து மறுபடி வந்தார்.

"திரும்பவும் நிக்குது."

தாணுமாலயன் தான் போட்ட இணைப்புகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாக இருந்தன. பகவதி எதையும் திறக்கவில்லை. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

கணவாயை வண்டி சுகமாகத் தாண்டியது. காற்றாலைகளையும் தாண்டியது. பணகுடிக்குள் திரும்பும் இடம் வந்ததும் வேகம் குறைந்தது. ஓரம் ஒதுங்கி நின்றது.

அமலதாஸின் கை சாவியைத் திருப்பியதைப் பின்னாலிருந்து தாணுமாலயன் பார்த்துவிட்டார். வாயைத் திறந்தார். பகவதி திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் அடங்கிவிட்டார்.

பக்கத்தில் லாரிகள் போயின.

"நான் வெளிநாடு போகும்போது ரெஜினா மாசமா இருந்தா," என்றார் அமலதாஸ். "அங்க பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிட்டானுவ. விட ஏழு வருசம் ஆச்சு. கேம்ப்ல பட்டன் போன்தான். பிள்ளைகிட்டப் பேசியிருக்கேன், அவ்வளவுதான். திரும்பி வந்து நாகர்கோவில்ல தங்கின பிறகும் முகத்தைக் காட்டல்ல."

"ஏன்?"

"போட்டோல இருக்கிற ஆளு நான் இல்ல. முடியெல்லாம் போச்சு, பல்லு போச்சு. அவ என்னைப் பாத்து, 'இது யாரும்மா'ன்னு கேட்டுட்டா?"

பகவதி கண்ணாடி வழியே ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன்ல உங்கள என்னன்னு கூப்பிடுவா?"

"அப்பான்னு. ராத்திரி நான் பேசாம தூங்க மாட்டா."

"அப்ப வாசல்ல நின்னு முதல்ல பேசுங்க. பிறகு உள்ள போங்க."

அமலதாஸ் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பகவதி அவரைத் தேற்றவில்லை. அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினார். இன்ஜின் சட்டென்று பிடித்தது.

பகவதியும் தாணுமாலயனும் இறங்கிக்கொண்டார்கள். கார் ஊருக்குள் திரும்பி மறைந்தது. இருவரும் நாகர்கோவில் பஸ்ஸுக்காக நின்றார்கள்.

"ஆசானே, அவரு கையால ஆஃப் பண்ணினத நீங்களும் பாத்தீங்கதானே?"

"பாத்தேன்."

"ஒரு கோளாறும் இல்லாத வண்டி. நம்மகிட்ட பொய் சொல்லி இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்திருக்காரு. நீங்க ஒரு வார்த்தை கேக்கல்லையே?"

பகவதி கார் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி நிக்குதுன்னுதானே அவரு சொன்னாரு, அண்ணாச்சி? நின்னுதே."