காத்துக்கு அளவெடுத்த பிரமு அத்தை

ஒரு ஊர்ல ஒரு அத்தை இருந்தா. ராஜா இல்ல, ராணி இல்ல, வெறும் அத்தை. பேரு பிரமு. ம் கொட்டுட்டி.

"ம்."

பிரமு அத்தைக்குத் தையல் வேலை. மெஷினை மிதிச்சான்னா "கடகடகடகட"ன்னு தெருமுனை வரைக்கும் கேக்கும். யாரு வந்து ஜாக்கெட் தைக்கக் கேட்டாலும், "அளவு ஜாக்கெட் கொண்டா, அப்பத்தான் கத்திரி வைப்பேன்"ம்பா. "எங்க அக்காவுது இருக்கு, அதை வச்சுத் தைங்களேன்"னு யாராவது சொன்னா, "போடப் போறது உங்க அக்காளா, நீயா?"ன்னு கேப்பா. அம்புட்டுக் கறார். ஆனா சாயங்காலம் ஆயிட்டா அவளுக்கு ஒரு கிறுக்கு உண்டும். பட்டம்.

"பட்டமா பெரியப்பா?"

பட்டந்தான். நீ விடுத பேப்பர் பட்டம் இல்ல. குடைத்துணியில தைச்சது. குச்சியே கிடையாது. காத்து உள்ள போனா தலகாணி கணக்கா உப்பிக்கும். நாலு கயிறு, ரெண்டு கையிலயும் ரெண்டு பிடி. முன்கயிறு ரெண்டும் இழுக்கதுக்கு, பின்கயிறு ரெண்டும் நிப்பாட்டுததுக்கு. அது மனுசனையே இழுக்கும். அப்புறம், ஆட்டோ டயர் மூணை மாட்டி, தரையோட தரையா ஒரு வண்டி கட்டி வச்சிருந்தா. அதுல கால் நீட்டி உக்காந்து, காலாலயே முன்சக்கரத்தைத் திருப்பணும். பட்டத்தை மேல ஏத்துனா வண்டி "சர்ர்ர்"னு ஓடும். மாடும் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம்.

"எங்க ஓட்டுவா?"

குளத்துக்குள்ள. கோடையில தண்ணி வத்திப் போச்சுல்ல. கரம்பை மண்ணு காஞ்சு, சிமெண்டுத் தரை மாதிரி கிடக்கும். பெரிய குளம். இந்தக் கரையில நின்னா அந்தக் கரை பனையெல்லாம் சீப்புப் பல்லு மாதிரித்தான் தெரியும். தெக்கால கரையில அத்தை ஊரு. வடக்கால கரையில அவ தம்பி அய்யாக்குட்டி ஊரு. மேக்கால மலை. காத்து மலையில இருந்து வரும். அப்போ அத்தை தம்பி ஊருக்குப் போனாலும், திரும்பி வந்தாலும், காத்து பக்கவாட்டுலதான் அடிக்கும். இந்த வண்டி ஓட்ட அதான் தோது.

அப்புறம் என்னாச்சு, தம்பிக்கு ஒரு பொம்பளப் பிள்ளை பிறந்துச்சு. பேர் வைக்க நாள் குறிச்சாங்க. அந்த ஊர்ல பேர் வைக்கது அத்தைதான். பிள்ளையை மடியில போட்டு, காதுல மூணு தடவை பேரைச் சொல்லணும். மூணு முடிஞ்சா அதான் பேரு. அதுக்கப்புறம் கலெக்டர் வந்து சொன்னாலும் மாத்த மாட்டாங்க.

பிள்ளையோட அம்மா தங்கபுஷ்பம், பிரமு அத்தையைத் தனியாக் கூப்பிட்டா. "மதினி, எனக்கு ஒரு பேரு ஆசையா இருக்கு. நான் வாயத் திறந்தா ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. நீங்க வச்சிருங்க"ன்னு சொல்லி, அந்தப் பேரைக் காதுல சொன்னா.

அத்தை, "வச்சுட்டதா நினைச்சுக்கோ"ன்னுட்டா.

ஆனா இன்னொரு அத்தையும் இருந்தா. ஞானசெல்வம். பிரமு அத்தையோட சித்தப்பா மக. அவ ரெண்டு நாளைக்கு முன்னாடியே வந்து, முறுக்கைக் "கடுக் கடுக்"குன்னு கடிச்சுக்கிட்டு பந்தல்ல உக்காந்திருந்தா. அவளுக்கு ஒரே யோசனை. தன் மாமியார் பேரை வச்சிரணும். அந்தப் பேரு என்ன தெரியுமா? சிவகாமவடிவம்மாள்.

"அய்யே."

ஆமா. கூப்பிட்டு முடிக்கதுக்குள்ள பிள்ளை வளந்துரும்.

அப்போ பேர் வைக்குத அன்னைக்குக் காலையில, பிரமு அத்தை புதுச்சீலை கட்டி, பஸ்ஸுக்கு நிக்கா. நிக்கா நிக்கா, பஸ்ஸக் காணோம். டீக்கடைக்காரர் சொன்னாரு, "இன்னைக்கு டிரைவர் வீட்டுலயும் விசேசம், பஸ் வராது"ன்னு.

"நடந்து போலாம்ல?"

போலாம். போய்ச் சேர உச்சியாயிரும். நல்ல நேரம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிரும். அத்தை என்ன செஞ்சா, சீலையைத் தூக்கிச் சொருகுனா. வண்டியைக் குளத்துக்குள்ள தள்ளுனா. அவகிட்ட பட்டம் மூணு. மூணையும் சுருட்டிப் பின்னால கட்டுனா. எதை ஏத்தலாம்?

"பெருசு."

அவளும் அதைத்தான் எடுத்தா. அவசரம்னு வந்துட்டா கை ஏன் பெருசுக்கே போகுதுன்னு எனக்கும் விளங்கல. நானா இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன். அந்தப் பெரிய பட்டம், கடக்கரையில இருக்க அவ ஓர்ப்படியா, அதான் கொழுந்தன் பொண்டாட்டி, அளவு சொல்லித் தைச்சது. "நாங்கல்லாம் இம்புட்டு நீளந்தான் விடுவோம், அம்புட்டுச் சொகம்"னு சொல்லியிருந்தா.

அப்போ அத்தை பெரிய பட்டத்தை ஏத்துனா. "பொஃப்"னு உப்புச்சு. வண்டி "சர்ர்ர்"ன்னு கிளம்புச்சு. அத்தைக்குச் சிரிப்புத் தாங்கல. கொஞ்ச தூரம் போனா. அப்புறம் மலையில இருந்து ஒரு காத்து வந்துச்சு பாரு, "ஊஊஊஊ"ன்னு. பட்டம் ஒரே இழுப்பு. முன்சக்கரம் தூக்குச்சு, பின்சக்கரம் தூக்குச்சு, அத்தையும் மேல போயிட்டா.

"பறந்தாளா?"

பறந்தா. ஆனா இறங்கத் தெரியலையே. "தொம்"முன்னு முள்ளுச்செடிக்குள்ள விழுந்தா. பிடியை விட்டுட்டா. பட்டம் போய் உடைமுள்ளு மரத்துல மாட்டி "டர்ர்ர்ர்"னு கிழிஞ்சுது. அத்தை எந்திரிச்சு, இடுப்பைத் தடவி, "ஓர்ப்படியா, உன்னைப் பொறவு பேசிக்கிடுதேன்"ன்னா.

அங்க பந்தல்ல ஞானசெல்வம், "நேரம் போகுது, பிள்ளையக் கொண்டா"ன்னா. தங்கபுஷ்பம் உள்ள இருந்துக்கிட்டே, "பிள்ளை பால் குடிக்கா"ன்னா. ம் கொட்டு.

"ம்."

இங்க அத்தை ரெண்டாவது பட்டத்தை எடுத்தா. அது ஒல்லி. நீட்டமா, பருந்து றெக்கை மாதிரி, மஞ்சளும் சிவப்புமா, பாக்கவே அழகு. பந்தயத்துல விடுத பட்டத்தோட படத்தைப் பாத்துத் தைச்சது. "பெருசுதான் முரடு, இது சமத்து"ன்னு ஏத்துனா. "விய்ங்"னு பறந்துச்சு. அதுக்கு இருந்த வேகம் பெருசுக்குக்கூட இல்ல. பாதிக் குளம் தாண்டிட்டா. அப்போ காத்து பொசுக்குன்னு நின்னுச்சு. ஒல்லிப் பட்டத்துக்குக் காத்து நின்னா தாங்காது. றெக்கை மடிஞ்சு, நொண்டி நொண்டி, "தொப்"புன்னு கீழ வந்துச்சு. அத்தை கயிறை இழுக்கதுக்குள்ள அடுத்த காத்து வந்து "படார்"னு அதைத் திறந்துச்சு. பட்டம் ஒருபக்கமா ஓடி, அங்க மேஞ்சுக்கிட்டு இருந்த ஆட்டு மந்தைக்குள்ள விழுந்துச்சு. "ம்ம்மே"ன்னு ஆடெல்லாம் சிதறி ஓடுது. ஒரு கிடா மட்டும் கொம்பு, காலு எல்லாத்துலயும் கயிறு சுத்தி, பட்டத்தைப் போத்திக்கிட்டு முழிக்கி.

ஆட்டுக்காரர் கம்பை ஊனிக்கிட்டு வந்தாரு. "என்ன தையக்காரம்மா, என் கிடாவுக்குச் சட்டையா?"

"கேலி பண்ணாதீரும். கயிறைப் பிடியும்."

"கழுத்துல பிடிக்கி, வயித்துல தொங்குது. அளவெடுக்காம தைச்சியளோ?"

அத்தைக்கு சுருக்குன்னுச்சு. ஆட்டுக்காரர் சும்மா கேலிக்குத்தான் சொன்னாரு. ஆனா அவளுக்குக் கயிறு சிக்கெடுத்த கை அப்படியே நின்னுபோச்சு. 'ஊருக்கெல்லாம் அளவு ஜாக்கெட் கேக்குதேன். காத்துக்கு நான் அளவெடுத்தேனா? கடக்கரை அளவைக் கொண்டாந்து குளத்துக் காத்துக்குப் போட்டேன். அங்க காத்து சேலைத் துணி மாதிரி நீட்டமா, ஒரே சீரா வரும். இங்க மலையில முட்டி, பனையில முட்டி, துண்டு துண்டா ஒட்டுத்துணியால்ல வருது.'

நேரம் போய்க்கிட்டே இருக்கு. அப்படியும் கயிறை வச்சுட்டு, மண்ணுல உக்காந்தா. ஒரு கை மண்ணை அள்ளி விட்டா. நேரா கால் மேல விழுந்துச்சு. கொஞ்சம் பொறுத்து விட்டா. கிழக்க லேசா பறந்துச்சு. இன்னும் பொறுத்தா. "ஊஊஊ"ன்னு வருதப்போ விட்டா. மண்ணு போன இடமே தெரியல. ஆட்டுக்காரர் கண்ணுக்குள்ள போச்சு.

"ஏ தாயி, கிடாவுக்கு சட்டை, எனக்கு கண்ணுல மண்ணா?"

"கோவிச்சுக்காதீரும் அண்ணாச்சி. அளவெடுக்கேன்."

ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும்போது அவ என்ன சொல்லுவா தெரியுமா? "மூச்சை நல்லா இழுத்து நில்லு"ம்பா. நெஞ்சு விரிஞ்சு நிக்குதப்போ எடுத்த அளவுதான் அளவு. மூச்சை விட்டப்போ எடுத்தா, ஒருநாள் தும்மும்போது கொக்கி தெறிச்சிரும். அப்போ காத்துக்கும் அப்படித்தான? அது மூச்சை இழுத்து அடிக்குத அடிக்குத்தான் பட்டம். ஓய்ஞ்சு கிடக்குத நேரத்துக்கு இல்ல. அந்த அடியைத் தாங்கணும்னா பட்டம் சின்னதாத்தான் இருக்கணும்.

அப்புறம் கிடாவை அவுத்து விட்டுட்டு, மூணாவதை எடுத்தா. அது குட்டை. சின்னது, அகலக் கட்டை, தலகாணி உறைக்குக் கைகால் முளைச்ச மாதிரி. அவ முதமுதல்ல பழகத் தைச்சது. யாரு கண்ணுலயும் காட்ட மாட்டா, கேலி பண்ணுவாங்கன்னு.

அங்க ஞானசெல்வம், "பால் குடிச்சாச்சா?"ன்னா. "துணியை நனைச்சுட்டா, மாத்துதேன்"ன்னா தங்கபுஷ்பம். கொஞ்சம் பொறுத்து, "மாத்தியாச்சா?"ன்னா. "தூங்குதா. தூங்குத பிள்ளைக்குப் பேர் வைக்கலாமா?"ன்னா. "பிள்ளை கண்ணு ரெண்டும் திறந்துல்ல இருக்கு, குடு இங்க"ன்னு ஞானசெல்வம் வாங்கி மடியில போட்டுக்கிட்டா. தங்கபுஷ்பம் அய்யாக்குட்டி மூஞ்சியப் பாத்தா. அவன் குளத்தைப் பாத்தான். குளத்துல ஆடுதான் தெரிஞ்சுது.

இங்க குட்டைப் பட்டம் "புஸ்ஸ்"னு ஏறுச்சு. வண்டி மெதுவா உருண்டுச்சு. காத்து ஓய்ஞ்சப்போ ஆமை கணக்கா ஊந்துச்சு. அத்தை பல்லைக் கடிச்சுக்கிட்டு, பட்டத்தை வானத்துல எட்டு எட்டா சுழட்டுனா. மேல, கீழ, மேல, கீழ. நிக்காம சுழட்டுனா அதுவே கொஞ்சம் இழுக்கும். அப்புறம் மலைக்காத்து "ஊஊஊ"ன்னு வந்துச்சு. இந்தத் தடவை சக்கரம் தூக்கல. பட்டம் கெட்டியா நின்னு, வண்டியை "சர்ர்ர்ர்"னு இழுத்துட்டுப் போச்சு. கூடுனா பின்கயிறை ஒரு இழுப்பு, அடங்கிரும். நின்னா எட்டு. அடிச்சா ஓட்டம். நின்னா எட்டு. அப்படியே போறா.

தூங்கிட்டியா?

"இல்ல. அத்தை ஓட்டுதா."

வடகரை கிட்ட வந்துட்டா. பந்தல் தெரியுது. அப்போ பனைக்கூட்டம் காத்தை மறைச்சிருச்சு. வண்டி நின்னுபோச்சு. பந்தல்ல மைக் செட்டு போட்டிருந்தாங்களா, ஞானசெல்வம் பிள்ளை காதுல சொல்லும்போதே மைக்கையும் வாய்கிட்ட வச்சுக்கிட்டா. குளம் பூரா கேக்கு. "சிவகாமவடிவம்மாள்."

அத்தை எட்டு போடுதா, எட்டு போடுதா.

"சிவகாமவடிவம்மாள்." ரெண்டு.

அப்போ பனை ஓலை எல்லாம் "சலசலசல"ன்னுச்சு. காத்து வருது. அத்தை பட்டத்தைத் தாழ இறக்கிப் பிடிச்சா. "சர்ர்ர்ர்ர்"னு வண்டி கரைச் சரிவு ஏறி, கல்லுல "டொக் டொக்"குன்னு குதிச்சு, பந்தலுக்கு நேரா வருது. ஆளெல்லாம் நாற்காலியோட ஒதுங்குதாங்க. பெரிய பட்டமா இருந்தா பந்தலை வாரிக்கிட்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பா. இது குட்டை. பின்கயிறை முழுசா இழுத்தா. பட்டம் "பொத்"துன்னு படுத்துச்சு. வண்டி வாசல்ல போட்ட கோலத்துல நின்னுச்சு. 

மைக்குல, "சிவகாம..."

அத்தை தலையெல்லாம் முள்ளு, மூஞ்சியெல்லாம் மண்ணு. ஓடிவந்து பிள்ளை காதுகிட்ட குனிஞ்சா.

"...வடிவ..."

"கனி, கனி, கனி."

முடிஞ்சுபோச்சு.

ஞானசெல்வம் மைக்கை வச்சுட்டு, "நான் ரெண்டே முக்கால் சொல்லிட்டேன்"ன்னா.

அய்யாக்குட்டி சொன்னான், "முக்காலுக்கெல்லாம் பேரு கிடையாதுக்கா. மூணு முடிஞ்சது எதுவோ அதான்."

"கனின்னு ஒரு பேரா? இதுக்கா இந்தப் பாடுபட்டு வந்தா?"

தங்கபுஷ்பம் பிள்ளையை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டா. "ஆமா மதினி. எனக்குத் தங்கபுஷ்பம்னு வச்சாங்க. எங்க வீட்டுல தங்கம்னாங்க, பள்ளிக்கூடத்துல புஷ்பம்னாங்க, உங்க தம்பி 'ஏ'ம்பாரு. முழுப்பேரைச் சொல்லி ஒருத்தரும் கூப்பிட்டதில்ல. இதை யாரும் பாதியில விட முடியாதுல்ல."

பிள்ளை பிரமு அத்தையப் பாத்து "ஙா"ன்னுச்சு. எல்லாரும் சாப்பிடப் போனாங்க. முத இலையில ஞானசெல்வந்தான் உக்காந்தா. அவ பக்கத்துல பிரமு அத்தை. "அந்தப் பாயசத்தை இங்கிட்டு தள்ளு"ன்னா ஒருத்தி. "உனக்குத்தான் தள்ளுதேன், தலையில இருக்க முள்ளை எடு முதல்ல"ன்னா இன்னொருத்தி.

ம் கொட்டலயே.

"...ம்."

அம்புட்டுத்தான். பட்டத்தைச் சுருட்டியாச்சு, பாயசமும் தீந்தாச்சு, காத்தும் மலையில போய்ப் படுத்தாச்சு. நீயும் படு, கண்ணு.