வடக்கு நாற்காலிக்கு ஒரு காய்

ஆள் இல்லாத நாற்காலியோடு நீங்கள் விளையாடியிருக்கிறீர்களா? பினாங்கில், கடலுக்குள் கால் ஊன்றி நின்ற பலகை வீடு ஒன்றில் பொற்கொடி விளையாடினாள். அதுவும் நல்ல வெயில் நேரத்தில்.

மாஜோங் என்ற சீனக் காய் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவள் சியூ லான். சீனத்துப் பெண், தமிழ் வீட்டில் வளர்ந்தவள். பொற்கொடியைவிடச் சின்னவள்தான். ஆனால் அந்த மேசையில் அவள்தான் குரு.

"இது மூங்கில், இது வட்டம், இது எழுத்து. ஒவ்வொண்ணுலயும் ஒண்ணுலேர்ந்து ஒன்பது வரை. அப்புறம் மூணு நாகம், நாலு காற்று. ஆளுக்குப் பதிமூணு காய். மேசையில சுவர் மாதிரி அடுக்கியிருக்கிற காய்லேர்ந்து ஒண்ணு எடுத்தா கையிலேர்ந்து ஒண்ணு போடணும். மும்மூணா நாலு கூட்டம், ஒரு ஜோடி. அடுத்தவங்க போட்ட காயை எடுத்தும் சேர்க்கலாம். முதல்ல சேர்த்தவங்க ஜெயிச்சாங்க."

"கல்யாணப் பந்தி மாதிரியில்ல இருக்கு," என்றாள் சியூ லானை வளர்த்த செல்லாயி. அவள் தெற்கே உட்கார்ந்திருந்தாள்.

வடக்கே இருந்தது பொற்கொடியின் புருஷன் மாசிலாமணியின் நாற்காலி. ஐப்பசியில் அவர் போன படகு மட்டும்தான் கரைக்குத் திரும்பியது. அவருக்கும் காய் வைத்தே ஆகணும் என்று பொற்கொடி ஒற்றைக் காலில் நின்றாள். காய்களைப் பங்கு வைத்ததும் அவள்தான்.

வடக்கின் முறை வந்தது. சுவரிலிருந்து ஒரு காய் தானாக நகர்ந்து போனது. வேறொன்று நடு மேசைக்கு வந்தது. ஈரமாக இருந்தது. செல்லாயி அதை முந்தானையால் துடைத்து வைத்தாள்.

பொற்கொடிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "வந்துட்டார் பார்த்தியா."

சுற்றுக்குச் சுற்று காய்கள் ஈரமாகவே வந்தன. நாற்காலிக்கடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. நாற்காலி கிறீச்சிட்டு, சற்றே பின்னால் நகர்ந்து, மறுபடி பழைய இடத்துக்கே வந்து நின்றது. மறுபடியும் அப்படியே.

"குருவே, அவர் எழுந்திரிக்கப் பார்க்கிறாரே, ஏன் முடியல?"

சியூ லான் வடக்கின் காய்களை எண்ணினாள். பதினாலு.

"யார் ஒண்ணு கூட வச்சது?"

"நான்தான். சோறு போட்டாலும் அவருக்கு ஒரு கரண்டி கூடத்தானே வைப்பேன்."

"காய் கூடிப்போனவர் ஜெயிக்க முடியாது அக்கா. ஆட்டம் முடியிற வரை எழுந்திரிக்கவும் முடியாது."

"அப்போ யாரும் ஜெயிக்க வேணாம்."

சியூ லான் சேர்த்து வைத்திருந்த தன் கூட்டம் ஒன்றை உடைத்து, மூங்கில் ஐந்தை நடுவில் போட்டாள். பொற்கொடி ஜெயிக்க வேண்டியிருந்த காய் அது ஒன்றுதான். எடுத்தால் ஆட்டம் முடிந்தது.

பொற்கொடி மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எடுத்தா போயிடுவாரே, லான்."

"ரொம்ப நேரமா ஈரத்துணியோட உக்காந்திருக்கார் அக்கா. எடுத்துக்கோங்க."